ஒரே ஸ்கிரிப்ட், இரண்டு பைத்தான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சர்வரில் பைத்தான் என்ற நிரல்மொழியின் 2.7 பதிப்பு, புதிய சர்வரில் 3.12, நடுவில் யாரோ ஒருவரின் மடிக்கணினியில் 3.8. ஸ்கிரிப்ட் மட்டும் ஒன்றுதான். மூன்று இடத்திலும் ஓட வேண்டும், மூன்று இடத்திலும் ஒரே விடையைத் தர வேண்டும். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவையும், நானே மாட்டிக்கொண்டபோது தேடியவையும் இங்கே இருக்கின்றன.

பைத்தான் 2-க்கு 2020-லேயே மங்களம் பாடியாயிற்றே. இன்னும் எதற்கு இந்தப் பேச்சு?

பாடியாயிற்று, உண்மைதான். 3.0 வந்தது 2008 டிசம்பரில். 2.7 வந்தது 2010 ஜூலையில். அதற்கான ஆதரவு 2015-ல் முடிவதாக இருந்தது, பிறகு 2020 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். கடைசி வெளியீடான 2.7.18 அந்த ஏப்ரலில் வந்தது. ஆனால் 2.7-ஐயே இயல்பாகக் கொண்ட சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு 2024 ஜூன் 30 வரை பராமரிப்பு இருந்தது. அது ஓடும் கணினிப் பெட்டிகள் பலவும் இன்னும் மூலையில் உட்கார்ந்து சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கின்றன. ஆய்வகக் கருவியோடு சேர்த்துக் கொடுத்த கணினியைத் தொடக்கூடாது என்று ஒப்பந்தமே இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இது 2-க்கும் 3-க்கும் மட்டுமான வழக்கு இல்லை. 3.6-ல் எழுதியது 3.12-ல் விழுகிறது. கையாளும் முறை ஒன்றேதான்.

எங்கிருந்து தொடங்குவது?

எந்தப் பதிப்புக்குக் கீழே இறங்க மாட்டோம் என்று முதலில் ஒரு கோடு கிழியுங்கள். "எல்லாப் பதிப்பிலும் ஓட வேண்டும்" என்பவரிடம் எந்தெந்த இயந்திரம் என்று பட்டியல் கேளுங்கள். பெரும்பாலும் மூன்றோ நான்கோதான் வரும்.

2.7-ம் 3.6-க்கு மேற்பட்டவையும் என்று கோடு போட்டால் வேலை சுலபம். 2.6 வேண்டும் என்றால் கொஞ்சம் வலிக்கும். 3.0 முதல் 3.2 வரையிலானவற்றை மறந்துவிடுங்கள். யூனிகோட் ஸ்ட்ரிங்குக்கு (எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் சரம்) முன்னால் போடும் 'யூ' எழுத்தை அவை ஏற்காது. 2012-ல் வந்த 3.3-தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. பைட்ஸில் (எழுத்தாக மாற்றாத வெறும் பைட் வரிசை) சதவீதக் குறியிட்டு வடிவமைக்கும் வசதியும் அப்படித்தான், 3.0-ல் போய் 3.5-ல் திரும்பியது. இரண்டு பதிப்புக்கும் சேர்த்து எழுதுகிறவர்கள் போட்ட கூச்சலுக்குக் கிடைத்த பலன்.

ஃபைலின் தலையில் போடும் அந்த `__ஃபியூச்சர்__` வரி எதற்கு?

3-ல் வந்த நடத்தையை 2.7-க்கு முன்கூட்டியே இரவல் வாங்க. 3-ல் அந்த வரி ஒன்றும் செய்யாது, பேசாமல் போய்விடும். நான்கு பெயர்களை அடிக்கடி பார்ப்பீர்கள்: பிரிண்ட் ஃபங்ஷன், டிவிஷன், அப்சல்யூட் இம்போர்ட், யூனிகோட் லிட்டரல்ஸ்.

முதல் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். நான்காவதை நான் போடுவதில்லை. அது ஃபைலிலுள்ள மேற்கோள் குறிகள் அத்தனையையும் ஒரே அடியில் யூனிகோட் ஆக்கிவிடுகிறது. 2.7-ல் சில பழைய மாட்யூல்களுக்கு (இம்போர்ட் செய்து பயன்படுத்தும் நிரல் ஃபைல்கள்) யூனிகோடு கொடுத்தால் பிடிக்காது, எங்கோ ஆழத்தில் போய் வெடிக்கும். எது எழுத்து, எது பைட் என்று ஒவ்வொரு இடத்திலும் முன்னெழுத்துப் போட்டுச் சொல்வது கண்ணுக்கு அழகாக இருக்காது. ஆனால் பிறகு படிக்கிறவருக்குக் குழப்பமில்லை.

இரண்டிலும் பிழையில்லாமல் ஓடிவிட்டது. வேலை முடிந்ததா?

இல்லை. பிழை காட்டி நிற்கிற இடங்களைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அடைப்புக்குறி இல்லாத பிரிண்ட், எக்செப்ட் வரியில் 'ஆஸ்' இல்லாமல் காற்புள்ளி, 0777 என்ற பழைய எட்டடிமான எண், டேபும் ஸ்பேஸும் கலந்த உள்தள்ளல் எல்லாம் 3-ல் உடனே அலறும், திருத்திவிடலாம். அலறாமல் வேறு விடையைத் தருபவைதான் ஆளைக் கவிழ்க்கும்.

7/2 என்பது 2.7-ல் 3. பைத்தான் 3-ல் 3.5. முழு எண்தான் வேண்டும் என்றால் இரட்டைச் சாய்கோடு போடுங்கள், 7//2 இரண்டிலும் 3-தான். டிவிஷன் ஃபியூச்சர் வரியைப் போட்டுவிட்டால் ஒற்றைச் சாய்கோடும் இரண்டிலும் ஒரே பொருள் தரும்.

ரவுண்ட் இதைவிட மோசம். 2.5-ஐ முழுமையாக்கச் சொன்னால் 2.7 தருவது 3.0, பைத்தான் 3 தருவது 2. சரிபாதியாக வந்தால் பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குப் போவது புதிய விதி. 3.5-க்கு இரண்டுமே 4 என்று சொல்வதால் ஒன்றிரண்டு எண்ணை வைத்துச் சோதித்தால் பிடிபடாது. இதற்கு ஃபியூச்சர் வரியும் கிடையாது. காசுக் கணக்கு என்றால் டெசிமல் மாட்யூலை எடுத்து, எந்த முழுமையாக்கல் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.

நான் அகப்பட்டதும் இப்படித்தான். ஓர் அலுவலகத்தின் தினசரி அறிக்கை ஸ்கிரிப்டைப் புதிய சர்வருக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு பிழைச்செய்தி இல்லை. மூன்று வாரம் கழித்து, கிளைக் கணக்கில் ஒன்றிரண்டு ரூபாய் தினமும் இடிக்கிறது என்றார்கள். வரி வரியாகத் துழாவி, கடைசியில் அகப்பட்டது ஒரு ரவுண்ட். அன்றிலிருந்து எதையும் மாற்றும் முன் பழைய பதிப்பில் ஒருமுறை ஓட்டி, வெளியீட்டை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

மேப், ஃபில்டர், ஸிப் மூன்றும் 2.7-ல் பட்டியல் தரும். 3-ல் ஒரே ஒரு முறை வாரிக்கொள்ளக்கூடிய இட்டரேட்டரைத் தரும். அதை இரண்டு ஃபார் லூப்பில் சுற்றினால் இரண்டாவது சுற்று காலி, பிழையும் கிடையாது. இரண்டு முறை தேவைப்படும் இடத்தில் லிஸ்ட் என்று சுற்றிவிடுங்கள்.

இன்புட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2.7-ல் இன்புட் என்பது பயனர் தட்டியதைக் கோடாகவே (நிரலாகவே) எண்ணி இயக்கிவிடும், பாதுகாப்பு ஓட்டை. அங்கே வேண்டியது ரா இன்புட். 3-ல் அந்தப் பெயரே இல்லை, வெறும் இன்புட்தான் அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே தலையில் ஒரு முறை, ரா இன்புட் இருந்தால் அதையே இன்புட் என்ற பெயருக்கு வைத்துக்கொள்ளும்படி எழுதிவிட வேண்டும்.

தமிழ் எழுத்துகள் வந்தால் மட்டும் ஏன் இவ்வளவு தகராறு?

இரண்டு பதிப்புகளுக்கும் இடையிலான அசல் பிளவு இங்கேதான். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு இது வருடக்கணக்கில் கண்ணிலேயே படாது. நமக்கு முதல் நாளே முகத்தில் அறையும்.

'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். யூடிஎஃப்-8-ல் சேமித்த ஃபைலில் 2.7-ன் சாதாரண ஸ்ட்ரிங்குக்கு விடை 15. அது எண்ணுவது பைட்டுகளை, ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். பைத்தான் 3-ன் விடை 5. அது எண்ணுவது யூனிகோட் குறிகளை: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால் 3 என்று சொல்லும்.

அதனால் முதல் பத்து எழுத்தை வெட்டி எடுக்கும் கோடு 2.7-ல் ஓர் எழுத்தின் வயிற்றுக்குள் கத்தியை விட்டுக் குப்பைக்குறி காட்டும். 3-ல் குப்பை வராது. ஆனால் 'தமிழ்' என்பதில் முதல் இரண்டை வெட்டினால் 'தம' என்று கொக்கியை விட்டுவிட்டு வரும். 3-க்கு மாறிவிட்டால் தமிழ் தானாகச் சரியாகிவிடும் என்பது பாதி உண்மைதான். எழுத்தாக எண்ண வேண்டுமென்றால் அதற்கென்று இருக்கும் ஓப்பன்-தமிழ் போன்ற லைப்ரரியை நாடுங்கள், அல்லது சார்புக் குறிகளை முந்தைய குறியோடு ஒட்டும் சிறிய ஃபங்ஷனை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

கலந்து பேசும்போது வேறுபாடு இன்னும் கூர்மை. 2.7-ல் பைட் ஸ்ட்ரிங்கையும் யூனிகோட் ஸ்ட்ரிங்கையும் கூட்டினால், உள்ளே ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மட்டும் இருக்கும்வரை சத்தமில்லாமல் சேர்த்துவிடும். என்றைக்கு ஒரு வாடிக்கையாளர் பெயர் தமிழில் வருகிறதோ அன்றைக்கு யூனிகோட் டீகோட் எரர். 3-ல் பைட்ஸையும் ஸ்ட்ரிங்கையும் கூட்டினால் எப்போதும் டைப் எரர். இதுவே நாணயமான வழி. ஆனால் இரண்டையும் சமமா என்று ஒப்பிட்டால் 3 அலறாது, 'இல்லை' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். 2.7-ல் 'ஆம்' என்று வந்த அதே நிபந்தனை. இதைப் பிடிக்கப் பைத்தான் 3-ஐ -பிபி என்ற தேர்வோடு ஓட்டுங்கள், அந்த ஒப்பீடு வரும் இடத்தில் பிழையாக நிற்கும்.

கைக்கொள்ள வேண்டிய முறை எளிது. வெளியிலிருந்து வருவதை வாசலிலேயே டீகோட் செய்யுங்கள், அதாவது பைட்டை எழுத்தாக்குங்கள். உள்ளே யூனிகோட் மட்டுமே நடமாடட்டும். வெளியே போகும்போது வாசலில் என்கோட் செய்யுங்கள், எழுத்தைப் பைட்டாக்குங்கள். சிஸ் மாட்யூலை மறுபடி ஏற்றி இயல்பு என்கோடிங்கை மாற்றும் ஒரு குறுக்குவழி இணையம் முழுக்கக் கிடக்கிறது. 3-ல் அது இல்லவே இல்லை, 2.7-லும் மற்ற லைப்ரரிகளின் காலை வாரும். வேண்டாம்.

தமிழில் ஒரு கமென்ட் எழுதினால்கூட, முதல் இரண்டு வரிக்குள் என்கோடிங் அறிவிப்பு இல்லாவிட்டால் 2.7 ஃபைலையே ஏற்காது. 3-க்கு யூடிஎஃப்-8 இயல்பு. அதோடு மாறியின் பெயரையே தமிழில் வைக்கலாம்: `வயது = 30` என்பது 3-ல் செல்லுபடியாகும். 2.7-ல் சின்டாக்ஸ் எரர். இரண்டிலும் ஓட வேண்டிய ஸ்கிரிப்டில் அந்த ஆசையை அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

திரையில் தமிழ் வருகிறது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரானில் போட்டால் மட்டும் விழுகிறதே?

2.7 திரைக்கு எழுதும்போது டெர்மினலிடம் என்கோடிங்கைக் கேட்டுக்கொள்ளும். பைப்பிலோ ஃபைலிலோ எழுதும்போது கேட்க ஆளில்லாமல் ஆஸ்கிக்குத் திரும்பிவிடும். க்ரானில் லொகேல் (மொழி அமைப்பு) 'சி' என்றிருப்பதால் 3.6 வரையிலான பைத்தான் 3-க்கும் இதே கதி. 3.7-ல் சரிசெய்தார்கள். பைத்தான்ஐஓஎன்கோடிங் என்ற சூழல் மாறிக்கு யூடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுத்துவிட்டால் இரண்டு தலைமுறைக்கும் போதும். க்ரான்டேபின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.

ஃபைலைத் திறக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

வெறும் ஓபன் வேண்டாம், ஐஓ மாட்யூலிலுள்ள ஓபனைப் பயன்படுத்துங்கள். 2.7-லும் அது என்கோடிங் கேட்கும். என்கோடிங்கை எப்போதும் கையால் எழுதுங்கள். விண்டோஸில் பைத்தான் 3-கூட இயந்திரத்தின் கோட் பேஜை, அதாவது அங்குள்ள எழுத்துக்குறி அட்டவணையைத்தான் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் சரியாக வந்த தமிழ் அங்கே கொத்துக்கறியாகும்.

சிஎஸ்வி மட்டும் தனி ரகம். 2.7-ன் சிஎஸ்வி மாட்யூலுக்கு பைட் வேண்டும், பைனரி முறையில் ஃபைலைத் திறந்து கொடுக்க வேண்டும். 3-க்கு எழுத்து வேண்டும், நியூலைனை வெற்று ஸ்ட்ரிங்காக வைத்துத் திறக்க வேண்டும். அதை மறந்தால் விண்டோஸில் ஒன்றுவிட்டு ஒரு வரி காலியாக வரும். இரண்டையும் ஒரே வரியில் சமாளிக்கும் தந்திரம் எதுவும் எனக்கு அகப்படவில்லை. பதிப்பைப் பார்த்து இரண்டாகப் பிரியும் நான்கு வரி ஃபங்ஷன் ஒன்று எழுதி ஒதுக்கி வைத்துவிட்டேன்.

மாட்யூல் பெயர்கள் மாறியிருக்கின்றனவே?

ட்ரை போட்டுப் புதிய பெயரை இம்போர்ட் செய்யுங்கள், கிடைக்காவிட்டால் எக்செப்டில் பழையதை. யூஆர்எல்லிப்2, கான்ஃபிக்பார்சர், க்யூ எல்லாவற்றுக்கும் இதே மருந்து. புதியதை முதலில் வைப்பது முக்கியம். பிடிக்க வேண்டியது இம்போர்ட் எரர். மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர் என்று எழுதிவிடாதீர்கள், அந்தப் பெயரே 3.6-ல்தான் பிறந்தது.

இந்த ட்ரைகளை முப்பது ஃபைல்களில் தூவாதீர்கள். 'காம்பேட்' என்று ஒரு ஃபைல், பதிப்பு வேறுபாடு எல்லாம் அதற்குள். மற்ற ஃபைல்கள் அதிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். பதிப்பு எண்ணைச் சோதிக்கும் வரி வேறெங்காவது தென்பட்டால் அந்தக் கோடை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

'சிக்ஸ்' லைப்ரரி வேண்டுமா?

2-க்கும் 3-க்கும் உள்ள வேறுபாடுகளைச் சமாளிக்கும் லைப்ரரி அது. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு, பெயர்க் காரணம் அவ்வளவுதான். ஒரே ஃபைல், எங்கே வேண்டுமானாலும் கூடவே வைத்துக்கொள்ளலாம். பெரிய திட்டம், மெட்டாக்ளாஸ் போன்ற சிக்கலான வசதி எல்லாம் உண்டு என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு வரி ஸ்கிரிப்டுக்கு மேலே சொன்ன காம்பேட் ஃபைலே தாராளம்.

தலையிலேயே பதிப்பைச் சோதித்து, பழையதென்றால் நல்ல செய்தி காட்டி நிறுத்தும்படி எழுதினேன். அந்தச் செய்தி வராமல் சின்டாக்ஸ் எரர் வருகிறதே?

பைத்தான் ஒரு ஃபைலின் முதல் வரியை இயக்கும் முன் முழு ஃபைலையும் படித்து இலக்கணம் பார்க்கிறது. ஐம்பதாவது வரியில் ஒரு எஃப்-ஸ்ட்ரிங் (மாறியை உள்ளேயே எழுதும் சரம்) இருந்தால் 2.7 அங்கேயே படுத்துவிடும். உங்கள் சோதனைக்கு முறையே வராது.

ஃபைலை இரண்டாக்குங்கள். வாசல் ஃபைல் பத்து வரி, எல்லாப் பதிப்புக்கும் புரிகிற பழைய நடையில். அது பதிப்பைப் பார்க்கும், திருப்தியானால் அசல் ஃபைலை இம்போர்ட் செய்யும்.

சோதிக்கும்போது சிஸ் வெர்ஷன் இன்ஃபோ என்ற டியூபிளை, அதாவது பதிப்பு எண்களின் வரிசையை, (3, 6) என்பதோடு ஒப்பிடுங்கள். வெர்ஷன் என்ற ஸ்ட்ரிங்கின் முதல் மூன்று எழுத்தை வெட்டிப் பார்த்தவர்கள் 2021-ல் 3.10 வந்தபோது அதை 3.1 என்று படித்து, "உங்கள் பைத்தான் மிகப் பழையது" என்று பயனரைக் கடிந்துகொண்டார்கள்.

2டு3 கருவியால் மாற்றிவிட்டால் ஆகாதா?

அது ஒருவழிப் பாதை. 3-க்கு மாற்றித் தரும், மாற்றியது 2.7-ல் ஓடாது. 3.13-லிருந்து அந்தக் கருவியையே எடுத்துவிட்டார்கள். பழைய பதிப்பில் அதை ஓட்டி, எந்தெந்த வரியைத் தொடுகிறது என்று பட்டியலாகப் பார்க்க மட்டும் நான் வைத்திருக்கிறேன்.

எனக்கு 2.7 தொல்லை இல்லை. 3.6-லும் 3.12-லும் ஓடினால் போதும்.

கொடுத்து வைத்தவர். ஆனாலும் கவனம் வேண்டும். 3.9 தொடங்கி ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றும் சிலதைத் தூக்கி எறிகிறது. 3.7-ல் 'அசிங்க்' ஒதுக்கப்பட்ட சொல்லானது, அதை மாறிப் பெயராக வைத்திருந்தவர்களின் கோடு நின்றது. 3.10-ல் கலெக்ஷன்ஸிலிருந்து மேப்பிங் போன்றவற்றை நேரடியாக எடுக்கும் வழியை அடைத்தார்கள், இப்போது கலெக்ஷன்ஸ் ஏபிசியிலிருந்து எடுக்க வேண்டும். 3.12-ல் டிஸ்ட்யூடில்ஸும் இம்ப்பும் போயின. 3.13-ல் சிஜிஐ, டெல்நெட்லிப், க்ரிப்ட் உள்ளிட்டவை போயின. 3.12-ல் எழுதுகிறவர் எஃப்-ஸ்ட்ரிங்குக்குள் அதே மேற்கோள் குறியை மறுபடி போடுவார், அங்கே சரி. 3.11-ல் கொடுத்தால் இலக்கணப் பிழை.

எல்லாம் முன்னெச்சரிக்கை கொடுத்துத்தான் போகின்றன. டெப்ரிகேஷன் எச்சரிக்கைகளை இயல்பாகப் பைத்தான் மறைத்து வைத்திருப்பதால் நாம்தான் பார்ப்பதில்லை. சோதனையில் அவற்றைப் பிழையாக மாற்றி ஓட்டினால் ஒன்றிரண்டு வருடம் முன்பே தெரிந்துவிடும்.

இரண்டு பதிப்பிலும் எப்படிச் சோதிப்பது?

குறைந்தபட்சம், இரண்டு பைத்தானிலும் பை-கம்பைல் மாட்யூலை ஓட்டிப் பாருங்கள். இலக்கணப் பிழைகள் ஒரு நொடியில் தெரியும். வெர்மின் என்ற கருவி கோடைப் படித்து, எந்தக் குறைந்தபட்சப் பதிப்பு தேவை என்று சொல்லும்.

அதற்கு மேல், தனித்தனிச் சூழல்களை ஓட்டும் டாக்கரில் தனித்தனிப் பதிப்பை எழுப்பி, ஒரே உள்ளீட்டைக் கொடுத்து, வெளியீடுகளை டிஃப் போடுங்கள், வரிக்கு வரி ஒப்பிடும். சத்தமில்லாத வேறுபாட்டைப் பிடிக்க இதைவிட நல்ல வலை இல்லை. உள்ளீட்டில் தமிழ்ப் பெயர், சரிபாதிப் பைசா, காலியான புலம் மூன்றும் இருக்கட்டும். டிக்ஷனரியின் வரிசை 3.7-லிருந்துதான் உத்தரவாதம், அதனால் எழுதும் முன் வரிசைப்படுத்துங்கள். இல்லாவிட்டால் டிஃப் முழுக்கப் பொய் எச்சரிக்கை.

2.7-க்கான வெர்ச்சுவல் என்வ் (தனித்த பைத்தான் சூழல்) உருவாக்க 20.22-க்கு முந்தைய வெர்ச்சுவல்என்வ் வேண்டும். பொதிகளை நிறுவும் பிப் 21.0-லிருந்து 2.7-ஐ விட்டுவிட்டது, அங்கே 20.3.4-ல் நிற்க வேண்டும்.

பழைய சர்வர் எழுதிய பிக்கிள் ஃபைலை (பைத்தான் தன் தரவை அப்படியே சேமிக்கும் வடிவம்) புதியது படிக்கிறது. திரும்ப எழுதினால் பழையது படிக்கவில்லை.

2.7-க்குத் தெரிந்த உச்சபட்ச புரோட்டோகால் (பிக்கிள் வடிவத்தின் எண்) 2. எழுதும்போது அந்த எண்ணைச் சொல்லியே எழுதுங்கள். முடிந்தால் ஜேசனுக்கு மாறிவிடுங்கள்.

சென்டோஸ் 7 பெட்டியில் 'பைத்தான்' என்றால் 3 ஓடும்படி இணைப்பை மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள். அங்கே மென்பொருள் நிறுவும் யம் கருவியே 2.7-ல் எழுதியது, அந்தப் பெயரை நம்பித்தான் ஓடுகிறது. இணைப்பை மாற்றிய அடுத்த நிமிடம் யம் தன் ஸ்கிரிப்டிலுள்ள எக்செப்ட் வரியின் காற்புள்ளியில் சின்டாக்ஸ் எரர் காட்டி நிற்கும், அதன் பிறகு எந்தப் பொதியையும் நிறுவ முடியாது. உபுண்டு 20.04-ல் கதை நேரெதிர், 'பைத்தான்' என்ற கட்டளையே இயல்பாகக் கிடையாது. எனவே உங்கள் ஸ்கிரிப்டின் முதல் வரியில் 'பைத்தான்2' என்றோ 'பைத்தான்3' என்றோ எண்ணோடு எழுதுங்கள். இரண்டிலும் ஓட வேண்டியதென்றால், க்ரான்டேபில் எந்தப் பைத்தான் என்று முழுப் பாதையோடு குறிப்பிடுங்கள்.